வெட்டி வாதத்துக்கு அபராதம்

ஐன்ஸ்வொர்த், நெப்ராஸ்கா
செப்டம்பர் 14, 2009

டோரீன்,

நாலு தடவை போன் பண்ணிட்டேன். நாலு தடவையும் உன் தங்கச்சி பெவர்லிதான் எடுத்தா. "அக்கா குளிக்கிறா"ங்கறா. ஒரு மனுஷி ஒரு நாள்ல எத்தனை தடவைதான் குளிப்பா? சரி, எழுதியாவது பார்ப்போம்னு உட்கார்ந்தேன். எனக்குக் கடுதாசி எழுதி வழக்கமில்ல. தப்பு இருந்தா கண்டுக்காதே.

வரி ஆபீஸ்லேர்ந்து வந்த அந்த ஒரு காகிதத்துக்காக நீ பெட்டியைத் தூக்கிட்டுப் போனது நியாயமே இல்ல. அதுல என்ன இருக்கு? நான் அனுப்பின கணக்கு 'சாரமற்ற வாதத்தை' வச்சு எழுதினதாம். முப்பது நாளுக்குள்ள திரும்ப வாங்கிக்கிட்டு ஒழுங்கா எழுதிக் கொடுக்கலைன்னா ஐயாயிரம் டாலர் அபராதமாம். இது எல்லாருக்கும் அனுப்பற மிரட்டல்னு, வரிச் சட்டத்தைப் பத்திக் கூட்டம் போடற வெண்டெல் கிராஃப் முன்னாடியே சொல்லியிருக்கார். "இந்தக் காகிதம் வந்தா பயப்படாதீங்க, சரியான இடத்துல அடிச்சிருக்கோம்னு அர்த்தம்"னு அன்னிக்கு அந்த மோட்டல் ஹாலில் அவர் சொன்னப்ப நீ வந்திருந்தா உனக்கும் புரிஞ்சிருக்கும்.

இன்னொரு தடவை சொல்றேன். நான் பண்ணைக்காரனுக்கு போர் போட்டுத் தர்றேன். அவன் காசு தர்றான். என் உழைப்பு அவன்கிட்டப் போச்சு, அவன் காசு என்கிட்ட வந்துச்சு. சரிக்குச் சரி. இதுல வருமானம் எங்கே இருக்கு? அதனாலதான் எல்லா வரியிலும் பூஜ்யம் போட்டேன். பொய் எழுதல. அவங்க காகிதத்துல என் பேரைப் பெரிய எழுத்துல அடிச்சிருக்கானே, அது நான் இல்ல, காகிதத்துல மட்டும் இருக்கிற ஒரு ஆள். இதெல்லாம் சட்டத்துலயே இருக்கு. யாரும் படிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

இருபத்தெட்டு வருஷமா அவன் கேட்டதைக் கட்டினேன். ரெண்டாயிரத்து ஏழுல வறட்சியில பண்ணைக்காரன் கையில காசில்லாம தொழிலே படுத்துக் கிடந்தப்பவும் பேங்குல கடன் வாங்கிக் கட்டினேன். யாராவது வந்து "லைல், சாப்பிட்டியா"ன்னு கேட்டானா?

வாஷிங் மெஷின் பாதியில நின்னு போகுது. எதையாவது திருகணுமா? சீக்கிரம் வா.

லைல்


சியூ ஃபால்ஸ், தெற்கு டகோட்டா
செப்டம்பர் 22, 2009

லைல்,

நான் குளிக்கவில்லை. உன்னோடு போனில் பேச எனக்குத் தெம்பு இல்லை. நீ சட்டம் பேசுவாய், நான் அழுவேன், பிறகு நீ "அழாதே, நான் சொல்வதைக் கேள்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாய். இரண்டு வருடமாக இதுதான் நம் வீட்டில் நடக்கும் பேச்சு.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். முழுவதும் படித்தேன். அதற்குப் பின்னால் அவர்கள் இணைத்திருந்த, நீ அனுப்பிய கணக்கின் நகலையும் படித்தேன். நீ அதைப் புரட்டிப் பார்த்தாயா? கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று உன்னுடையது. இன்னொன்று 'டோரீன் ஹாவ்லிக்'. அதை நான் போடவில்லை. அந்தத் தாளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நான் பெட்டி எடுத்தது ஐயாயிரத்துக்காக என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாய். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

இன்னும் நாள் இருக்கிறது. "அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி எழுதி, கணக்கைச் சரியாகப் போட்டு அனுப்பு. பின்னி ஸ்ட்ரீட்டில் இருக்கும் அந்தக் கணக்குப் பெண்மணி ஒரு மாலையில் முடித்துக் கொடுப்பாள். அபராதமே வராது என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. மிரட்டுகிறவன் தப்பிக்கும் வழியையும் சேர்த்து அச்சடிக்க மாட்டான்.

இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஷிஃப்ட். நோயாளிகளுக்குத் தட்டு அடுக்க வேண்டும். பெவர்லி உன்னைப் பற்றி நிறையச் சொல்கிறாள். எழுதப் போவதில்லை.

மெஷினில் துணியைக் குறைத்துப் போடு.

டோரீன்


ஐன்ஸ்வொர்த்
நவம்பர் 29, 2009

டோரீன்,

ரெண்டு மாசமா எழுதல. கோபம்னு நினைச்சுக்காதே. என்ன எழுதறதுன்னு தெரியல.

நான் அந்தக் கணக்கைத் திரும்ப வாங்கலை. முப்பது நாளும் போச்சு. வெண்டெலுக்குப் போன் போட்டேன். "மிஸ்டர் ஹாவ்லிக், இப்ப பின்வாங்கினா இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்"னார். அது எனக்குச் சரியாப்பட்டுது. மெர்ல் கெசல் தன்னோடதைத் திரும்ப வாங்கிட்டான், தெரியுமா? அதே மோட்டல் ஹாலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து கை தட்டினவன். பயந்தாங்கொள்ளி. "என் பொண்டாட்டி தூங்க மாட்டேங்கறாடா"ங்கறான். நல்ல காரணம்.

கையெழுத்து விஷயம். ஏப்ரல்ல நான் சாப்பாட்டு மேஜையில காகிதத்தைப் பரப்பி வச்சுக்கிட்டு "இதை அனுப்பப் போறேன்"னு சொன்னப்ப, நீ பாத்திரம் கழுவிக்கிட்டே "என்னமோ பண்ணித் தொலை"ன்னே. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். பேங்குக் காகிதத்துல எத்தனை தடவை எனக்காக நீ என் பேரைப் போட்டிருக்கே? நான் ஏதாவது சொன்னேனா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள இது ஒரு விஷயமா?

அபராதம் வந்துடுச்சு. ஐயாயிரம் எனக்கு. இன்னொரு ஐயாயிரம் உன் பேருலன்னு என் காகிதத்துலயே போட்டிருக்கு. ரெண்டு தனித்தனிக் கவர். ஒரே கணக்குக்கு ரெண்டு பேர்கிட்டயும் வாங்குவானுங்கன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா. வெண்டெல் அதைச் சொல்லல. உன் கவரைப் பிரிக்காம இதோட வச்சிருக்கேன்.

கவலைப்படாதே. கோர்ட்டுல எல்லாம் அடிபட்டுப் போகும்.

நன்றித் திருநாளுக்குத் தனியா பீன்ஸும் கறியும் போட்டு சில்லி காய்ச்சிச் சாப்பிட்டேன். தொட்டுக்க இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி கடையில வாங்கினேன். நல்லாவே இல்ல.

லைல்


சியூ ஃபால்ஸ்
ஜனவரி 17, 2010

லைல்,

கவரைப் பிரித்தேன். ஷிஃப்ட் முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் மணிக்கு எட்டு டாலர் சொச்சம் சம்பாதிக்கிறேன். எத்தனை தட்டு அடுக்கினால் ஐயாயிரம் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

இங்கே சட்டக் கல்லூரிக்காரர்கள் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். போனேன். ஒரு இளம் வக்கீல், என் காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். "இது உங்க கையெழுத்தா மேடம்?" என்றாள். நான் அந்தப் பக்கத்தை மூடினேன். "உங்களோடது இல்லைன்னா அதை எழுதிக் கொடுங்க. உங்க பேருக்கு வந்த அபராதம் போயிடும், பழைய வரிப் பாக்கியும் உங்க தலையில விழாது."

"எழுதிக் கொடுத்தா என் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?"

"அடுத்தவங்க கையெழுத்தைப் போடறது குற்றம். அவங்க அதைத் தொடர்ந்து எடுப்பாங்களா, விட்டுடுவாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"யோசிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்து, "ரொம்ப நாள் யோசிக்காதீங்க" என்றாள். அவளுக்கு நம் மகளாக இருக்கும் வயது. நமக்கு மகள் இருந்திருந்தால்.

பேங்குக் காகிதத்தில் உன் பேரை நான் போட்டது நீ மணல்குன்றுப் பண்ணைகளில் போர் போடும் ரிக் வண்டியோடு வாரக்கணக்கில் கிடந்தபோது, நீ போனில் "போட்டுடு" என்று சொன்ன பிறகு. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "என்னமோ பண்ணித் தொலை" என்பது கையெழுத்து இல்லை, லைல். அது களைத்துப்போன ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டு சொல்வது.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். துடைத்துக்கொண்டு வந்து படித்திருப்பேன். போட மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீ கேட்கவில்லை.

டோரீன்


ஐன்ஸ்வொர்த்
மே 2, 2010

டோரீன்,

உன் கடுதாசி வந்துது. நடந்ததை மட்டும் எழுதறேன்.

வரி கோர்ட்டுல மனு போட்டிருக்கேன். வெண்டெல் கொடுத்த மனுதான், நாற்பது பக்கம். அதுக்கு மட்டும் தொள்ளாயிரம் டாலர். அதுலயும் உன் பேர் இருக்கு. கையெழுத்து இடத்தைக் காலியா விட்டுட்டேன். இந்தத் தடவை போடல.

வெண்டெல் இப்ப போன் எடுக்கறதில்ல. மார்ச்சுலேர்ந்து "இந்த எண் உபயோகத்தில் இல்லை"ன்னு ஒரு பொம்பளை குரல் சொல்லுது. அரிசோனாவுக்குப் போயிட்டார்ங்கறான் ஒருத்தன். பிடிச்சுட்டாங்கங்கறான் இன்னொருத்தன்.

அரசாங்க வக்கீல் போன் பண்ணினான். சின்னப் பையன் குரல். மரியாதையாத்தான் பேசினான். "சார், இதே வாதத்தை ஏகப்பட்ட பேர் சொல்லி எல்லாரும் தோத்திருக்காங்க. இப்ப விட்டுடுங்க. வரியையும் வட்டியையும் தவணையில கட்டலாம். கோர்ட்டு நேரத்தை வீணாக்கினதுக்குத் தனி அபராதம் கேட்க மாட்டோம். விடலைன்னா கேட்போம். இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் போடலாம்"னான். "கோர்ட்டுல பார்ப்போம்"னு வச்சுட்டேன். வச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் போன் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்.

மெர்ல் பண்ணையில மாட்டுத் தண்ணிக்கு போர் போட்டேன். வேற வேலை எதுவும் இல்ல, அதான். நூத்தம்பது அடியில தண்ணி வந்துது. அவன் ட்ரக் மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, "லைல், நீ இன்னும் அதைத்தான் நம்பறியா?"ன்னான்.

"எதை?"

"பூஜ்யத்தை."

"படிச்சுப் பாருடா, சட்டத்துலயே இருக்கு."

"நான் அதைக் கேக்கல. நீ நம்பறியான்னு கேக்கறேன்."

குழாயைக் கழுவணும்னு சொல்லி நகர்ந்துட்டேன். உன்கிட்ட மட்டும் சொல்றேன், எனக்குத் தெரியல டோரீன். அந்த ஹாலில் என்னை முன் வரிசையில உட்கார வச்சு, "மிஸ்டர் ஹாவ்லிக் நாட்டுக்காக நிக்கறவர்"னு சொன்னப்ப இருபது பேர் திரும்பிப் பார்த்தாங்க. அதை நம்பினேன். சட்டத்தை நம்பினேனான்னு இப்ப யோசிச்சா கலங்கின தண்ணி மாதிரி இருக்கு, அடி தெரியல.

ஆனா இப்ப எப்படி விடறது?

லைல்


சியூ ஃபால்ஸ்
செப்டம்பர் 19, 2010

லைல்,

அரசாங்க வக்கீல் என்னையும் கூப்பிட்டார். அக்டோபரில் ஒமாஹாவில் உன் வழக்கு வருகிறது. மதியம் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பெவர்லி ஓட்டிக்கொண்டு வருகிறாள்.

நான் இதுவரை எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்பது மாதம் தள்ளிப் போட்டேன். போன மாதத்திலிருந்து அந்த அபராதத்துக்காக என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பெவர்லி, "அந்த ஆளுக்காக நீ ஏன் கட்டறே? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினாள். உன்னைக் காப்பாற்ற நினைத்தேனா, அல்லது நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேனா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். காத்திருந்து அலுத்துவிட்டது.

சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டால் உள்ளதைச் சொல்வேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். உன்மேல் பழி தீர்க்கவும் அங்கே வரவில்லை. இதற்குப் பதில் எழுதாதே. கோர்ட்டு வாசலில் என்னோடு பேச வராதே.

நீல நிறச் சட்டை அலமாரியில் இடது பக்கம் தொங்கும். அதைப் போட்டுக்கொள். வேலைச் சட்டையில் போகாதே.

டோரீன்


ஐன்ஸ்வொர்த்
அக்டோபர் 24, 2010

டோரீன்,

அன்னிக்குக் காலையிலேயே உனக்குப் போன் வந்திருக்கும், வர வேண்டாம்னு. பாதி வழி வந்திருந்தீங்களோ என்னவோ. ஏன்னு அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன்.

எனக்கு முன்னாடி ஒரு ஆள் வழக்கு. கிராண்ட் ஐலண்ட் பக்கத்துல பல் டாக்டராம். நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ். எழுந்து நின்னு படிக்க ஆரம்பிச்சான். ரெண்டாவது வரியிலயே என் கையில இருந்த காகிதத்தைப் பிரிச்சுப் பார்த்தேன். என் மனு அது. வார்த்தைக்கு வார்த்தை. பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு வாக்கியம் பாதியில அறுந்து போகும், எனக்கு அது புரியவே இல்ல, ஆழமான சட்டம்னு நினைச்சு விட்டிருந்தேன். அவனும் அந்த இடத்துல அப்படியே தடுக்கி நின்னு, மேல போனான். சரிக்குச் சரி, பெரிய எழுத்துப் பேரு, எல்லாம். நான் ரெண்டு வருஷமா உன்கிட்டக் கத்தினதை வேற ஒருத்தன் வாயால கேட்டேன். எவ்வளவு அசிங்கமா இருந்துது தெரியுமா? ஒரு பெரிய மனுஷன் குழந்தை மாதிரி, "தரமாட்டேன், தரமாட்டேன்"னு.

ஜட்ஜ் ஒரு அம்மா. வயசானவங்க. முழுசாக் கேட்டாங்க. அவனுக்குப் பத்தாயிரம் போட்டாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. என் மனுவை எடுத்து, அவன் மனுவுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, "மிஸ்டர் ஹாவ்லிக், இதுல இல்லாத விஷயம் உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"ன்னாங்க.

கையில நாற்பது பக்கம் இருந்துது. "இல்ல மேடம்"னேன்.

"இந்த வாதத்தை விட்டுடறீங்களா?"

"விட்டுடறேன்."

அரசாங்க வக்கீல் எழுந்து, மதியம் உன்னைக் கூப்பிடணும், கையெழுத்து விஷயமா ஒரு கேள்வி இருக்குன்னான். உன்னை அந்தக் கூண்டுல நிக்க வச்சு, என்னைப் பார்க்காம நீ பேசறதை நினைச்சுப் பார்த்தேன். "அவளைக் கூப்பிட வேண்டாம் மேடம். அந்தக் கையெழுத்து நான் போட்டது"ன்னேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "நீங்க இப்ப சொல்றது உங்களுக்கே எதிராப் போகலாம். ஒரு வக்கீலைப் பார்த்துட்டுச் சொல்றீங்களா?"

"வேண்டாம் மேடம். அவ அந்தத் தாளைப் பார்த்ததே இல்ல. பத்தடி தள்ளி நின்னா. கேட்டா போட மாட்டா. அதனால கேக்கல."

உன் வார்த்தைதான். எனக்குச் சொந்தமா வேற வார்த்தை வரல.

அந்த அம்மா பேனாவை மறுபடி எடுத்தாங்க. அப்புறம், "இன்னிக்குக் காலையிலேர்ந்து இந்த அறையில சொல்லப்பட்டதுல நான் எழுதி வச்சுக்கற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான்"னாங்க. அது புருஷன் பொண்டாட்டி கூட்டுக் கணக்கே இல்லைன்னு சொல்லி உன் பேரை எடுத்துட்டாங்க. உன்கிட்டப் பிடிச்சது திரும்ப வரும்னு அந்தச் சின்னப் பையன் வக்கீல் சொன்னான். எனக்கு மூவாயிரம் போட்டாங்க. வரி, வட்டி, முதல்ல வந்த ஐயாயிரம், எல்லாம் தனி. "ஒரு வருஷம் முன்னாடி ஒரு வரி எழுதியிருந்தா இதுல பாதி வந்திருக்காது, தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். நீ சொன்னதுதானே.

கையெழுத்துக்காக என்மேல கேஸ் வருமான்னு தெரியல. பையன் எழுதிக்கிட்டான், ஒண்ணும் சொல்லல. வந்தா வரட்டும்.

நீலச் சட்டை கழுத்துல இறுக்குது. ஆனா போட்டுக்கிட்டேன்.

லைல்


சியூ ஃபால்ஸ்
டிசம்பர் 5, 2010

லைல்,

பாதி வழி வந்துவிட்டோம். ஒரு பெட்ரோல் நிலையத்தில் காபி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெவர்லி, "என்னவாம்?" என்றாள். "வர வேண்டாமாம்" என்றேன். "அந்த ஆள் ஏதோ தந்திரம் பண்ணியிருக்கான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கடிதம் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதத்தைப் பெவர்லியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கால்வலிதான் இருக்கிறது. ஒரு மூட்டையை ரொம்ப தூரம் தூக்கி வந்து இறக்கினால் தோள் உடனே நேராகாதே, அப்படி.

நீ சொன்னது நல்ல காரியம். ஆனால் அதற்காக நான் நாளைக்கே திரும்பி வருவேன் என்று நினைத்துக் கடிதம் எழுதியிருந்தால், அப்படி இல்லை.

டோரீன்


ஐன்ஸ்வொர்த்
ஏப்ரல் 10, 2011

டோரீன்,

அப்படி நினைச்சு எழுதல. கொஞ்சம் நினைச்சேன். சரி.

ரிக்கை வித்துட்டேன். ஓ'நீல்லேர்ந்து ஒரு சின்ன வயசு ஜோடி வந்து வாங்கிட்டுப் போனாங்க. அந்தப் பொண்ணுதான் இஞ்சினைத் திறந்து பார்த்தா, அவன் சும்மா தலையாட்டினான். பணம் நேரா வரிக்குப் போயிடுச்சு. மீதியை மாசத் தவணை போட்டிருக்காங்க. வீடு தப்பிச்சுது. கையெழுத்து விஷயமா இதுவரைக்கும் காகிதம் எதுவும் வரல. கவர் வந்தா இன்னும் ரெண்டு நாள் பிரிக்காம வச்சிருக்கேன்.

இப்ப பாசனக் குழாய் போடற ஒரு கம்பெனியில கூலிக்குப் போறேன். வெள்ளிக்கிழமை சம்பளக் காகிதம் தர்றாங்க. வரி அதுலயே கழிச்சாச்சு. வாதாடறதுக்குக் கையில ஒண்ணுமே வர்றதில்ல. முதல் தடவை அதைப் பார்த்துச் சிரிச்சுட்டேன். மேஸ்திரி, "என்ன ஹாவ்லிக், ஜோக்கா?"ன்னான். ஆமான்னேன்.

இந்த வருஷக் கணக்கைப் பின்னி ஸ்ட்ரீட் அம்மாகிட்டக் கொண்டுபோனேன். ஒரு மாலையில முடிச்சுட்டா. நீ சொன்ன மாதிரியே.

ஞாயித்துக்கிழமைகள்ல இங்க ரொம்ப நிசப்தமா இருக்கு. நான் அங்க வந்து பார்க்கலாமா? தங்கறதுக்கு இல்ல. பார்த்துட்டுத் திரும்பிடறேன். வேண்டாம்னா வேண்டாம்னு எழுது, கேட்டுக்கறேன்.

லைல்


சியூ ஃபால்ஸ்
ஏப்ரல் 18, 2011

லைல்,

நான் பெவர்லி வீட்டிலிருந்து வந்துவிட்டேன். முடிதிருத்தும் கடைக்கு மேலே ஓர் அறையும் சமையல் இடமும். புது விலாசம் கவரின் மேல் இருக்கிறது. வாடகை என் சம்பளத்தில். யாரையும் கேட்காமல் நானே எடுத்தேன், அதனால் சுவர் நிறம் பற்றி எதுவும் சொல்லாதே.

ஐன்ஸ்வொர்த்துக்கு நான் திரும்புவேனா என்று எனக்குத் தெரியாது. கேட்காதே.

அடுத்த ஞாயிறு வா. பன்னிரண்டு மணிக்கு மேல். கார் பின்பக்கம் நிறுத்து, முன்னால் நிறுத்தினால் கடைக்காரர் கோபிப்பார். பெவர்லியும் இருப்பாள். அவள் ஏதாவது சொல்வாள், நிச்சயம் சொல்வாள். அதில் பாதி தப்பாகவும் இருக்கும்.

நான் மாட்டிறைச்சி வறுவல் செய்கிறேன். நீ எதுவும் வாங்கி வராதே. நீ சொன்னதுதான் சரி என்று நிரூபிக்காமல் உன்னால் ஒரு வேளை சாப்பிட்டு எழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும், லைல். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

டோரீன்